காலர் திருப்பிய வருஷம்

1

ஊரில் இருக்கிற உங்களிடம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். போன மாதம் இங்கே மெல்பர்னில் வரி அலுவலகம் என் வங்கிக் கணக்கில் தானாகவே பணம் போட்டது. நான் கேட்கவில்லை. மனு எழுதவில்லை, யார் மேசை முன்னாலும் கைகட்டி நிற்கவில்லை, ஒரு பியூனுக்கும் டீ வாங்கிக் கொடுக்கவில்லை. காலையில் கணக்கைப் பார்த்தால் பணம் இருக்கிறது.

தாம்பரத்தில் வளர்ந்தவனுக்கு அரசாங்கத்திடமிருந்து கேட்காமல் ஒன்று வருகிறதென்றால் அது நோட்டீஸாக இருக்கும், இல்லையென்றால் கைதவறி வந்ததாக இருக்கும். கைதவறி வந்ததைப் பிறகு வட்டியோடு பிடுங்குவார்கள். எதற்கு வம்பு என்று நானே வரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வெகுநேரம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். கடைசியில் ஒரு அம்மாள் வந்தார். பணம் வந்திருக்கிறது என்று நான் சொல்ல, என் இங்கிலீஷில் அவருக்கு என்ன புரிந்ததோ, பணம் வரவில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறேன் என நினைத்து வேறொரு பிரிவுக்கு மாற்றிவிட்டார். மறுபடியும் பாட்டு. இரண்டாவதாக வந்தவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். திருப்பித் தருகிறேன் என்று போன் செய்த முதல் ஆள் நான்தானாம். "உங்களுக்கு வந்ததுதான். போய் நன்றாகச் செலவு செய்யுங்கள்" என்றார்.

செலவு செய் என்று ஒரு அரசாங்கம் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

விஷயம் இதுதான். போன வருஷத்திலிருந்து உலகம் முழுக்க வியாபாரம் படுத்துவிட்டது. வேலை போய்விடுமோ என்கிற பயத்தில் சனங்கள் கையை மூடிக்கொண்டார்கள். வாங்குகிறவன் கையை மூடினால் விற்கிறவன் விழுவான், அவனிடம் வேலை பார்க்கிறவன் அடுத்து விழுவான். அப்படி வரிசையாகச் சரிவதற்குள் அரசாங்கம் கடன்பட்டாவது சனங்கள் கையில் காசைக் கொடுத்துக் கடைக்கு அனுப்ப வேண்டும் என்று இங்கே முடிவு செய்திருக்கிறார்கள். என் மனைவி ஷமீம், "அல்லாஹ்வே, இப்படியும் ஒரு அரசாங்கமா" என்று வாயைப் பிளந்தாள். எனக்கு வாய் பிளக்கவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் தாம்பரத்துக்குப் பக்கத்தில் பீர்க்கன்கரணைக்குப் போக வேண்டும்.

2

என் அண்ணன் காதர் டெய்லர். பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் போகிற தெருவில் அவர் கடை. மூன்று மெஷின், பட்டன் துளைக்குக் காஜா எடுக்க ஏழுமலை என்று ஒரு ஆள், சுவரில் ஒரு ஆளுயரக் கண்ணாடி. அத்தா சீக்கிரமே மௌத்தாகிவிட்டதால் என்னைப் படிக்க வைத்ததும் ஏசி மெக்கானிக் ஆக்கியதும் அந்தக் கடைதான். முப்பது வயது தாண்டும்வரை நான் ஒரு ரெடிமேட் சட்டை போட்டதில்லை. என் அளவை அண்ணன் எழுதியும் வைத்ததில்லை. என்னைப் பார்த்ததுமே துணியை வெட்டுவார். "பொண்டாட்டி நல்லா ஆக்கிப் போடுறாளாடா, வயிறு ஒரு இஞ்ச் ஏறியிருக்கு" என்பார்.

அந்தப் பக்கம் குடியிருந்தவர்களில் பாதிப் பேர் அரசாங்க உத்தியோகம். வாத்தியார்கள், மின்சார வாரியம், பொதுப்பணித்துறை, காலையில் மின்சார ரயில் பிடித்துக் கோட்டைக்குப் போகிற கிளார்க்குகள். எங்கள் கடைக்கு ரம்ஜான், தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று நான்கு அறுவடை. ஆனால் பண்டிகை வந்தால் மட்டும் துணி வந்துவிடாது. போனஸ் அறிவிக்க வேண்டும். எடுக்காத லீவை அரசாங்கத்திடம் ஒப்படைத்துச் சம்பளமாக வாங்குவார்களே, அந்த சரண்டர் பணம் வர வேண்டும். பேப்பர் வந்ததும் சினிமாப் பக்கத்தை ஏழுமலையிடம் தள்ளிவிட்டு அரசாணைச் செய்தியை அண்ணன் படிப்பார். போனஸ் உண்டு என்றால் அன்றைக்கே கூடுதலாக ஒரு ஆளைப் பேசுவார். லைனிங் துணியும் பட்டனும் மொத்தமாக வாங்கிப் போடுவார். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். வாழ்நாளில் ஒரு நாள் அரசாங்கச் சம்பளம் வாங்காத மனிதர், ஆனால் அவர் வீட்டு உலை கோட்டையில்தான் கொதித்தது.

3

அப்புறம் அந்த வருஷம் வந்தது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மறக்கிற மாதிரியா செய்தார்கள்?

கஜானா காலி என்றார்கள். பொங்கல் போனஸ் கிடையாது. சரண்டர் கிடையாது. புது ஆளெடுப்பு கிடையாது. பென்ஷனிலும் கை வைத்தார்கள். இது ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கம் பஸ் கட்டணமும் கரண்ட் பில்லும் ஏறின. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செய்தவர்களை ஒரே உத்தரவில் கூண்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் தெருவில் காலை நேரத்தில் லுங்கியோடு வாசலில் நிற்கிற ஆண்களை அந்த வருஷம்தான் பார்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கடைக்குப் புதுத்துணி வருவது நின்றுபோனது. வந்ததெல்லாம் காலர் திருப்பத்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சட்டையில் முதலில் நைந்து போவது காலர் மடிப்பு. கழுத்து வேர்வையும் தாடி முள்ளும் உரசி நார்நாராகப் பிரியும். காலரைத் தையல் பிரித்து எடுத்து, அடிப்பக்கத்தை மேலே வருகிறமாதிரி திருப்பி வைத்துத் தைத்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். அதிக வேலை, அற்பக் கூலி. நல்ல நாளில் அண்ணன் அதைத் தொடவே மாட்டார், "போய்ப் புதுசு தெச்சுக்க சார்" என்று விரட்டுவார். அந்த வருஷம் நாள் முழுக்க அதைத்தான் செய்தார். வேலை போன ஒரு ஊரே தன் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தது.

டேனியல் சார் வந்த நாள் நான் கடையில் இருந்தேன். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டில் அத்தனை பேருக்கும் எங்களிடம்தான் தைப்பார். நீலக்கோடு போட்ட பழைய சட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார்.

"பாய், காலர் மட்டும் திருப்பிக் குடுங்க. நாளைக்குக் காலைல வேணும்."

"இன்னா சார் இது. புதுசு ஒண்ணு தெச்சுடறேன். காச அப்பால பாத்துக்கலாம்."

"வேணாம் பாய். ஸ்ட்ரைக் பண்ணதுக்கு மன்னிப்புக் கடிதம் குடுக்கப் போறேன். குடுத்தாத்தான் வேலையாம். புதுச் சட்டையில போனா திமிரும்பாங்க. கிழிஞ்ச காலரோட போனா பிச்சைன்னு நெனப்பாங்க. ரெண்டுத்துக்கும் நடுவுல ஒண்ணு வேணும்."

அண்ணன் பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். பாதிப் பிரித்ததும் அடக்க முடியாமல் கேட்டார்.

"எனக்கு ஒண்ணு புரியல சார். கஜானா காலின்னா, நோட்டு அடிச்சுக்கக் கூடாதா?"

"அது டெல்லிக்குத்தான் முடியும். மாநிலத்துக்கு அந்த மெஷின் கெடையாது. வாங்கின கடனுக்கு வட்டி கட்டவே கடன் வாங்கறாங்க. எங்கயாவது கொறைச்சுத்தான் ஆகணும் பாய், அத நான் இல்லேங்கல."

"அதுக்கு உங்களக் கொறைக்கறாங்க."

"எங்களக் கொறைச்சா உங்களையும் சேத்துத்தானே."

நான் அரசாங்கத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. டேனியல் சாரே சொல்லவில்லை, நான் யார். ஆனால் பாருங்கள், அரசாங்கம் போனஸைப் பிடித்தது. வாத்தியார் தன் செலவைப் பிடித்தார். அண்ணன் ஏழுமலையை நிறுத்தினார். ஏழுமலை பக்கத்துக் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினான். "கொஞ்ச நாள் பொறுத்துக்கடா, கூப்பிடறேன்" என்று அண்ணன் சொன்னபோது ஏழுமலை கத்திரிக்கோலைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனான். அவரவர் வீட்டுக்கு அவரவர் செய்தது சரிதான். எல்லோரும் ஒரே நேரத்தில் சரியாகச் செய்ததில் தெருவே படுத்துவிட்டது.

பிறகு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். டேனியல் சாரும் மறுபடி பள்ளிக்கூடம் போனார். அப்பாடா என்று அண்ணன் பட்டன் பெட்டியெல்லாம் துடைத்து வைத்தார். வேலைக்குத் திரும்பினவர்கள் கடைக்குத் திரும்பவில்லை. அரசாங்க வேலையும் ஒரு ராத்திரியில் போகும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டார்களே, அந்தப் பயம் போனஸ் வந்தாலும் போகாது. வந்த காசு பெட்டிக்குள் போனது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு டேனியல் சார் மகளுக்கு மட்டும் ஒரு பாவாடை தைத்தார். தனக்குத் தைக்கவில்லை.

அடுத்த வருஷம் அண்ணன் கடையை மூடினார். மெஷின்களை வாங்க வந்தவன் ஆளுயரக் கண்ணாடியையும் கேட்டான். அதை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் அதை நிறுத்தச் சுவரில்லை. கட்டிலுக்குப் பின்னால் படுக்க வைத்தார்.

4

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ஏற்றுமதி வளாகம் இருக்கிறதல்லவா, அங்கே ஒரு சட்டைக் கம்பெனியில் அண்ணன் சேர்ந்தார். பெயர் வேண்டாம். கழுத்தில் அடையாள அட்டை, மணி அடித்தால் சாப்பாடு. அங்கே ஒரு ஆள் ஒரு சட்டையைத் தைப்பதில்லை. ஒருவன் கை, ஒருவன் பை, ஒருவன் பட்டன். அண்ணனுக்குக் காலர் லைன்.

நான் மெல்பர்னுக்குக் கிளம்புகிற வாரம் அண்ணன் சொன்னார்: "நாள் பூராக் காலர்தான்டா. முழுச் சட்டையக் கண்ணால பாத்து மாசமாவுது." நான் வருத்தப்படுகிறேன் என்று தெரிந்ததும் தோளில் தட்டினார். "அட விடுடா. இப்ப எனக்கு போனஸ் அறிவிச்சானா, சரண்டர் வந்துச்சான்னு பேஜார் இல்ல. வாங்கறவன் வெளிநாட்டுக்காரன். அவன் கையில எப்பவும் காசு கீது."

வெளிநாட்டுக்காரன் கையில் எப்பவும் காசு இருக்கும்! போன வருஷக் கடைசியிலிருந்து அண்ணன் குரல் போனில் சின்னதாகிக்கொண்டே வந்தது. முதலில் ஓவர்டைம் போனது. அப்புறம் வாரத்தில் ஒரு நாள் போனது. ஆர்டர் இல்லை என்கிறார்கள், கப்பலுக்குக் கட்டி வைத்த பெட்டிகள் அப்படியே நிற்கின்றன என்கிறார்கள் என்றார்.

பணம் வந்த அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நான், "இதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பிடலாம்" என்றேன். என் மகன் பைசலுக்கு அது பிடிக்கவில்லை. பதினொன்றாவது படிக்கிறான், பள்ளியில் பொருளாதாரம் எடுத்திருக்கிறான். இங்கே வந்தபோது தமிழில் கனவு கண்ட பையன். இப்போது என்னோடு தமிழ் பேசும்போது, வயசானவரை ரோடு தாண்டிவிடுகிறமாதிரி நிதானமாகப் பேசுகிறான்.

"அத்தா, அது தப்பு. அந்தப் பணம் இந்த நாட்டுக் கடைக்காக. நீங்க இங்க ஸ்பெண்ட் பண்ணணும். ஒரு கடையில குடுத்தா அவன் இன்னொரு கடையில குடுப்பான், அப்படியே பெருகும். சேர்த்து வச்சா பெருகாது. வெளிநாட்டுக்கு அனுப்பினா சுத்தமா வேஸ்ட். இறக்குமதிப் பொருள் வாங்கினாலும் அப்படித்தான். மிஸ் சொன்னாங்க, அதுக்குப் பேரு லீக்கேஜ்."

"லீக்கேஜா?"

"யெஸ். பணம் வெளிய ஒழுகிடும்."

ஒழுக்கு கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. சோப்பு நுரையை ஏசி குழாயில் தடவி, எங்கே குமிழி வருகிறதென்று நாள் முழுக்கப் பார்க்கிறவன் நான். அவன் சொன்னது புரியாமல் இல்லை. பரீட்சையில் எழுதினால் முழு மார்க் போடுவார்கள். ஆனாலும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"டேய், அந்த ஒழுக்கோட அந்த மொனையில உங்க பெரியத்தா உக்காந்திருக்காருடா!"

பைசல் ஷமீமைப் பார்த்தான். அவள் குழம்பை என் பக்கம் நகர்த்தினாள். "நான் என்ன சொல்லிட்டேன், அதுதான் தியரி" என்று இங்கிலீஷில் முணுமுணுத்துவிட்டுத் தட்டோடு எழுந்து அவன் அறைக்குப் போனான். பெரியத்தா தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினான் அவன். அது எப்போதோ சிறிதாகி, ஏழைகளுக்கு என்று வைத்திருக்கிற பெட்டிக்குள் போய்விட்டது.

5

சனிக்கிழமை நான் தனியாகக் கடைக்குப் போனேன். பெரிய கடை. எல்லாவற்றிலும் சிவப்புச் சீட்டு, தள்ளுபடி. செலவு செய்யத்தானே சொன்னார்கள், செய்கிறேன் வாருங்கள் என்று ஆண்கள் சட்டைப் பக்கம் போனேன். உள்ளே தைத்திருக்கிற சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சீனா, சீனா, பங்களாதேஷ், சீனா. கடைசி வரிசையில் இந்தியா என்று போட்ட சட்டைகள் கொஞ்சம் கிடைத்தன. எந்த ஊர் என்று போடவில்லை. திருப்பூராக இருக்கலாம், பெங்களூராக இருக்கலாம். சானடோரியமாகவும் இருக்கலாம்.

ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காலரைப் பார்த்தேன். கடைப்பெண் இரண்டு முறை வந்து உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். காலர் முனை இரண்டு பக்கமும் ஒரே கூர்மையாக நிற்க வேண்டும், ஓரத் தையல் அலையக் கூடாது, அடிப்பக்கத்துணி மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. சின்ன வயதில் கடையில் உட்கார்ந்து கேட்ட பாட்டு இது. ஒரு வெள்ளைச் சட்டையில் காலர் அப்படியே அண்ணன் கை மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேராகக் கொண்டுபோய்ப் பணம் கொடுத்தேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, காலரைப் பார்த்தவன் அளவைப் பார்க்கவில்லை. தோள் முழங்கையில் தொங்கியது. ஷமீம் சிரித்துச் சிரித்துச் சோபாவில் சாய்ந்துவிட்டாள். "டெய்லர் வீட்டுப் புள்ள வாங்கின லட்சணத்தப் பாருங்க! இதுக்குள்ள நானும் வந்துடலாம் போல. பில்லு இருக்குல்ல? திங்கக்கிழம திருப்பிக் குடுத்துடுங்க." இங்கே அப்படி ஒரு வசதி. பில்லைக் காட்டினால் ஒரு கேள்வி கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பி, சட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கிளம்புவதற்கு முன் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே காலை வேளை. அண்ணியிடம் பேசலாம் என்றுதான் போட்டேன். எடுத்தது அண்ணன்.

"இன்னாண்ணே, வேலைக்குப் போவலியா?"

"காலர் லைன நிறுத்திட்டாங்கடா. ஆர்டர் வந்தா கூப்பிடறேன்னு சொல்லிகினு கீறாங்க."

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், கூப்பிடுகிறேன். ஏழுமலையிடம் அண்ணன் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். பணம் அனுப்புகிறேன் என்றேன். "உன் புள்ளயப் படிக்க வையி" என்றார். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் சட்டைக் கதையைச் சொன்னேன். அரசாங்கம் காசு போட்டதை, காலர் காலராகப் பார்த்ததை, ஷமீம் சிரித்ததை எல்லாம் சொன்னேன். அண்ணனும் சிரித்தார். அப்புறம் குரல் மாறி, பழைய கடைக்காரர் ஆகிவிட்டார்.

"மொன எப்டிடா கீது? ரெண்டும் சமமா நிக்குதா?"

"நிக்குதுண்ணே."

"ஓரம்?"

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

"நம்மாளா இருந்தாலும் இருக்கும்" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"அளவு சேரல, அதான் இப்ப திருப்பிக் குடுக்கக் கெளம்பறேன்."

கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது, எழுந்துவிட்டார் போல.

"குடுக்காதடா."

"ஏண்ணே?"

"இங்க வருமேடா. போன மாசங்கூட அங்கேருந்து ஒரு பெட்டி திரும்பி வந்துச்சு. எல்லார் எதிர்லயும் கொட்டி, யார் தெச்சது யார் தெச்சதுன்னு சூப்பர்வைசர் கேட்டான். காலர் ஆளுங்கல்லாம் வரிசையா நின்னோம். நீ அங்க குடுத்தீன்னா இங்க எவனாவது ஒருத்தன் நிப்பான்டா. ஏற்கெனவே ஆர்டர் இல்லேங்கறான். வேணாம். பெருசா இருந்தா இன்னா, போட்டுக்க."

ஒரு ஆள் கடையில் திருப்பிக் கொடுக்கிற ஒற்றைச் சட்டை கப்பல் ஏறிச் சானடோரியத்துக்கு வராது, இங்கேயே மறுபடி மாட்டி விற்றுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம், உங்கள் காலர் உங்களிடம் திரும்பி வராது என்று எப்படிச் சொல்வது? "சரிண்ணே, குடுக்கல" என்றேன்.

பில்லைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். ஷமீம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். கையை நான்கு மடிப்பு மடித்து, கழுத்துப் பட்டனையும் போட்டேன். பைசல் வாசல்வரை வந்து ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அத்தா, ரொம்பப் பெருசு" என்றான். ஆமாம் என்றேன். பட்டன் போட்ட பிறகும் அந்தக் காலருக்குள் இன்னொரு கழுத்துக்கு இடம் இருந்தது.